பெயரைக் கேட்கும் முன்

சர்க்கரை நோய் கண்ணை எடுத்துக்கொண்ட பிறகு, வக்கீல் விஸ்வநாதன் தனக்குப் புத்தகம் படித்துக்காட்டக் கலாதேவியைக் கேட்டார். கலாதேவி ஈப்போ நீதிமன்றத்தில் ஜுருபாஹாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சாட்சி தமிழில் சொன்னது மலாயில் போகும்போது ஒரு சொல்லும் கூடாது, குறையாது. கூண்டில் நின்றவன் கெட்ட வார்த்தை சொன்னால் அது அதே சூட்டோடு நீதிபதியிடம் போய்ச் சேரும்.

"சாட்சி தும்மினாக்கூட இவ மலாய்ல தும்முவா," என்பார் விஸ்வநாதன்.

சனிக்கிழமைதோறும் மதியம் கலாதேவி லகாட்டிலிருந்து காரோட்டி வந்தார். முதலில் படித்தது, விஸ்வநாதன் பள்ளியில் பரிசாக வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகம். சிறுவர்களுக்காகச் சுருக்கிய குதிரைவீரர் கதைகள்; வாள், சபதம், காட்டுக்குள் தனிக் கோட்டை. கலாதேவிக்கு அந்த ஆட்களைப் பிடிக்கவில்லை.

"ஒருத்தனுக்கும் வேலவெட்டி இல்ல லா சார். பாலத்துல நின்னுக்கிட்டு போறவன வாறவனயெல்லாம் சண்டைக்குக் கூப்புடுறான். நம்ம கோர்ட்டா இருந்தா மறுநாளே ஜாமீனுக்கு ஆள் தேடுவான்."

விஸ்வநாதன் சிரித்தார். ஆனால் ஓர் இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். காயத்தோடு வந்த வீரனை ஒரு கிழவர் தன் கோட்டைக்குள் சேர்த்துக்கொள்ளும் இடம்.

"எங்க ஐயா இப்படித்தான்," என்றார்.

ஐயா என்றது அப்பாவின் அப்பாவை. கோலா கங்சாரில் கிட்டங்கி என்னும் கடைவீடு வைத்து வட்டித்தொழில் செய்த முத்துராமன் செட்டியார். காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரப் பயணி ஒருவனைக் கிட்டங்கியில் படுக்கவைத்துப் பிழைக்கவைத்தார். அவன் ஊர் திரும்பி எழுதிய பயண நூலில் அவரைப் புகழ்ந்திருக்கிறான். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. புத்தகத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் விஸ்வநாதனுக்கு எண்பது வயது. சதாபிஷேகத்தன்று மண்டபத்தில் உறவுக்காரர்கள் முன்னால் அந்தப் பக்கத்தைத் தமிழில் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மெல்பர்னில் இருக்கும் மகன் இணையத்தில் தேடி, இங்கிலாந்துக் கடை ஒன்றிலிருந்து புத்தகத்தைத் தருவித்து அனுப்பினான்.

கலாதேவி அதைப் படிக்கத் தொடங்கினார். பயணி தெற்கிலிருந்து வருகிறான். சுங்காய் அருகே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இறங்கி, விடியலில் ஆள் எண்ணும் பெரட்டைப் பார்க்கிறான். வரிசையில் நின்ற தமிழர்களைப் பற்றி எழுதியிருந்தான்: இவர்களை எண்ணுவது சுலபம், ஒருவனிலிருந்து இன்னொருவனைப் பிரித்துச் சொல்வதுதான் கடினம், துரை எனக்குத் தன் நாய்களையெல்லாம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார்.

கலாதேவியின் தாத்தா சின்னையா அந்த வட்டாரத்து எஸ்டேட்டில் பாலெடுக்க மரம் வெட்டியவர். விஸ்வநாதனுக்கும் அது தெரியும். கலாதேவி குரல் மாறாமல் படித்து முடித்தார்.

"அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்க," என்றார் விஸ்வநாதன். "மேல போ, கலா."

மேலே போனார்கள். கோலா கங்சார் வந்தது. விஸ்வநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்கிலீஷ்ல வேணாம். கோர்ட்ல சொல்ற மாதிரி நேரா தமிழ்ல சொல்லு."

கலாதேவி பக்கத்தில் கண்ணை ஓட்டினார். எங்கே நிறுத்துவது என்று தெரிவதற்குள் முழுவதையும் படித்துவிட்டார். எதிரே விஸ்வநாதன் முகத்தைச் சற்றே தூக்கியபடி காத்திருந்தார்.

"'அந்த மனிதர்,'" என்று கலாதேவி தொடங்கினார், "'என் பெயரைக் கேட்கும் முன் என் பசியைக் கேட்டார். தன் படுக்கையை எனக்குத் தந்துவிட்டு வாசலில் படுத்தார்.'"

விஸ்வநாதன் உதட்டுக்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கோலா கங்சாரில் இருக்கும் தன் அக்கா மீனாளுக்குப் போன் போட்டு, அந்த இரண்டு வரிகளையும் அப்படியே சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மீனாள் ஆச்சியே வந்திருந்தார். சமையல்கட்டில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். கலாதேவி உட்கார்ந்ததும் விஸ்வநாதன் குதிரைவீரர் புத்தகத்தை நீட்டினார்.

"அந்தக் கோட்டைக் கிழவர் வர்ற எடம். தமிழ்ல."

கலாதேவிக்கு விளங்கிவிட்டது. சாட்சியை முதலில் தெரிந்த வழியில் நடக்கவிட்டுப் பிறகு வாசலைச் சாத்துவது விஸ்வநாதனின் பழக்கம். கோர்ட்டில் எத்தனையோ முறை பக்கத்திலேயே நின்று பார்த்தது. கலாதேவி பக்கத்தைத் தேடி எடுத்துச் சொன்னார்.

"'அந்த முதியவர் அவன் பெயரைக் கேட்கும் முன் அவன் பசியைக் கேட்டார்.'"

"போதும். இப்ப மத்தப் புத்தகத்த எடு. உள்ளதச் சொல்லு."

கலாதேவி சொன்னார். எண்ணெய் தடவிய ஜாடிபோல் வயிறு பளபளக்க, அரை நிர்வாணமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான் அந்தச் செட்டி. படுக்கக் கொடுத்த கோணிக்கும் காசு வாங்கினான். என் காய்ச்சல் அவன் கைக்குப் போயிருந்தால் அதையும் வட்டிக்கு விட்டிருப்பான். காய்ச்சல் தீர்ந்து கிளப்பில் இதைச் சொன்னபோது சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"சர்வீஸ் முழுக்க ஒரு வார்த்த மாத்தினதில்ல நீ."

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"உங்க மூஞ்சியப் பார்த்தேன். முடியல."

விஸ்வநாதன் கையால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "அக்கா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. மண்டபத்துல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. அன்னிக்குச் சொன்னதயே ஒரு தடவ அங்க சொல்லிரு, கலா. யாரு புத்தகத்தப் பார்க்கப் போறா?"

"அன்னிக்கு வாய் தவறிருச்சின்னு வச்சிக்கலாம் சார். நாளைக்கு மைக்கப் புடிச்சி சொன்னா அது பொய் சாட்சி."

மீனாள் ஆச்சி பணியாரத் தட்டோடு வந்தார். "ஐயா பக்கமா? இரு ஆத்தா, நானும் கேக்குறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கலாதேவி பழக்கத்தில் விஸ்வநாதனை ஏறிட்டுப் பார்த்தார். கோர்ட்டில் அந்தப் பார்வைக்கு அவரிடமிருந்து ஒரு தலையசைப்பு வரும். இப்போது அவர் கண்ணுக்கு அது தெரியாது. மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"உள்ளதச் சொல்லு," என்றார் விஸ்வநாதன்.

கலாதேவி முழுவதையும் மறுபடி சொன்னார். மீனாள் ஆச்சி தட்டை மடியில் வைத்தபடி கேட்டார்.

"கோணிக்குமா காசு வாங்கினாரு?"

ஆச்சி நாற்காலியைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"போன்ல வேற மாதிரில்ல சொன்ன, விசு."

"அது நான் தப்பாச் சொன்னது, அக்கா. மண்டபத்துல எதுவும் படிக்க வேணாம்."

மீனாள் ஆச்சி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கலாதேவி பக்கம் திரும்பி, சமாதானம் செய்கிற குரலில் சொன்னார்: "அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்க ஆத்தா. நீ மேல போ."

கலாதேவி பக்கத்தைப் புரட்ட விரல் வைத்தார்.

"மேல வேணாம்," என்றார் விஸ்வநாதன். "பின்னால போ, கலா. சுங்காய்க்கு. உங்க தாத்தா பக்கத்துக்கு."

கலாதேவி பின்னோக்கிப் புரட்டினார். பெரட்டு வந்தது, வரிசை வந்தது, துரையின் நாய்கள் வந்தன. அன்று ஆங்கிலத்தில் தடையில்லாமல் படித்த பக்கம்தான்.

"தமிழ்ல," என்றார் விஸ்வநாதன்.

முதல் சொல்லுக்காகக் கலாதேவி வாயைத் திறந்தார். மீனாள் ஆச்சி பணியாரத் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கலாதேவியின் விரல் அந்த முதல் சொல்லிலேயே நின்றது.