பல்லேடியத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் அண்ணன் காளிராஜிடம் மட்டும் அது செல்லாது. மானகிரியில் பேட்டரிகளுக்கு சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, ஒரு பொறி போதும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அதான் காத்தாடி வெளிய தள்ளுதுல்ல, பெறகென்ன?" என்பார்.

அதனால்தான் காரைக்குடி ஆய்வகத்தில் நான் செய்த பட்டை ஒன்றைக் கொண்டுபோய் சார்ஜ் போடும் அறையின் சுவரில் ஒட்டினேன். வளைகிற பிளாஸ்டிக் தாளின்மேல் பல்லேடியத்தை மிக மெல்லிசாகப் பூசியது. ஹைட்ரஜன் பட்டால் அதன் மின்தடை மாறும், அதோடு இணைத்த அலாரப் பெட்டி கத்தும். ஒட்டிய வாரமே ஒருமுறை கத்தியது. அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எந் தங்கச்சி செஞ்சது" என்று காட்டினாராம்.

ஆயுத பூஜையன்று சார்ஜர், ஸ்பேனர், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவர் என் பட்டையை விடுவாரா? அதற்குத்தான் முதலில், அதுவும் பட்டையே தெரியாத அளவுக்கு அப்பியிருக்கிறார். சூடம் அணையக் கூடாதென்று காத்தாடியை நிறுத்திக் கதவையும் சாத்தியிருக்கிறார். பேட்டரிகள் சார்ஜில் இருந்தன. பெட்டி கத்தவில்லை. தீக்குச்சியை உரசினார்.

பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் அடித்தது. மதுரை ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். இரண்டு கண்ணும் போய்விட்டது.

பட்டையைக் கழற்றி வந்து, காய்ந்த சந்தனத்தை ஊறவைத்து எடுத்தேன். கொஞ்சம் ஹைட்ரஜனைக் காட்டினேன். உடனே கத்தியது. மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன். பாவி மனுஷன், பாசத்தைக் காட்ட அவருக்கு வேறு இடமா இல்லை.

நேற்று வீட்டுக்குப் போனேன். அண்ணி ரேணுகா சோற்றைப் பிசைந்து அவர் கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டதும் அண்ணன் முகத்தைத் திருப்பினார்.

"வா தாயி. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு அது ஏன் கத்தல? நான் எதுவும் தப்பாப் பண்ணிட்டனா?"

அண்ணியின் கை நின்றது. அண்ணியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் என்னையே பார்த்தார்.

பட்டை என் கைப்பைக்குள்தான் இருந்தது. என் வேலையில் பழுதென்று யார் சொன்னாலும் நான் சும்மா விடுகிறவள் இல்லை.

"ஏண்ணே அப்படிக் கேக்குறீக? நீங்க ஒண்ணும் பண்ணல. பட்டைதான் சரியில்ல. நான் ஒழுங்காப் பூசல."

வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். பிறகு கையை நீட்டித் துழாவி, என் தலையைக் கண்டுபிடித்துத் தடவினார்.

"இதுக்கா அழுகுற? விடு. அடுத்தத நல்லாச் செய்யி. செஞ்சதும் எங்கிட்டக் கொண்டா. மொதப் பொட்டு நாந்தான் வைப்பேன்."

"சரிண்ணே" என்றேன்.