கூப்பிடாத பக்கத்துத் துடிப்பு

எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மூளையின் நியூரானைப் பார்த்து, துடிப்பை அனுப்பியே கணக்குப் போடும் ஒரு கணினியைக் காகிதத்தில் வரைவோம். பிறகு அதன் கையை ஒடிப்போம், காலை ஒடிப்போம், அப்படியும் அது எந்தக் கணக்கையும் போடும் என்று நிரூபித்துப் பட்டம் வாங்குவோம். வூஹானில் நானும் அப்படி வாங்கியவள்தான்.

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு இளையவனான லின்ஷெங் ஒடித்தது மறத்தல் விதியை. வேண்டாமல் வந்து சேரும் துடிப்பை நியூரான் அழித்துவிடுவதற்கு அந்தப் பெயர். அது இல்லாமலே, எல்லா நியூரானும் ஒரே மாதிரி இருந்தாலும், எந்தக் கணக்கும் நடக்கும் என்பது அவனுடைய தேற்றம். டாக்டர் பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த கெடு அன்றோடு முடிகிறது. மதியம் வாய்மொழித் தேர்வு. தவறினால் இத்தனை வருடமும் வீண். மகன் டாக்டராவதைப் பார்க்க என்ஷி மலையிலிருந்து புகைபோட்ட பன்றிக்கறியோடு அவன் அம்மா வேறு வந்திருந்தார்.

காலையில் எள் விழுது நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே அவன் வரைந்த படத்தைப் பார்த்தேன்.

"எண்ணிக்கை வச்சிருக்கிற இந்த நியூரான்லேர்ந்து கழிக்கிற கட்டளை ஒண்ணுதான் போட்டிருக்க. ரெண்டு கட்டளை இதுலயே கழிச்சா?"

"அதே மாதிரிதான்க்கா. படத்துல எல்லாரும் ஒண்ணுதானே வரைவாங்க."

"ஒண்ணு கழிச்சாலும் துடிப்பு ரெண்டு கட்டளைப் பக்கமும் ஓடுமே. கூப்பிடாத பக்கத்துக்குப் போனது என்னாகும்?"

"அது மறந்து..."

'மிச்சத் துடிப்பு மறக்கப்படும்' என்பது அந்த இடத்தில் எங்கள் கை தானாக எழுதிவிடும் வரி. மறதியே கிடையாது என்று சாதித்தவனின் கையும் அதையே எழுதியிருந்தது. அந்தத் துடிப்பு அங்கேயே தங்கும். அடுத்தமுறை அந்தக் கட்டளையைக் கூப்பிட்டால் கணக்கு தப்பும்.

மதியம்வரை ஒட்டுப்போட்டுப் பார்த்தோம். எப்படிச் சுற்றினாலும் மறத்தல் விதி வேண்டியிருந்தது. அதைச் சேர்த்தால் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது ஊரறிந்த முடிவு.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினோம். மாணவர்கள் நாங்கள் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம்.

"அந்தப் பக்கத்த வேகமாத் தள்ளிடு. தேர்வாளருங்க டீ குடிக்கத்தான் வருவாங்க, யாரு பாக்கப்போறா" என்றார் முதலாளி.

அவன் அப்படியே செய்துவிட வேண்டுமென்று நானும் மனதாரத் தவித்தேன்.

தேர்வில் அந்தப் படம் திரையில் வந்தது. தேர்வாளர் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னும் ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். லின்ஷெங் அழுத்தவில்லை.

"இது தப்புங்க ஐயா. இந்தத் துடிப்பு போக வழியில்ல. தேற்றம் நிக்காது."

தேர்வுக்குழுத் தலைவர் ஆய்வேட்டை மூடிவைத்தார். முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லின்ஷெங் எல்லாருக்கும் தலைகுனிந்து வணங்கினான்.

பேசியது ஒன்றும் புரியாமல் முன்வரிசையில் இருந்த அம்மா, மகன் வணங்கியதைப் பார்த்து எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று எழுந்து கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

"போதும்மா" என்றான்.

பிள்ளை கூச்சப்படுகிறான் என்று நினைத்து அவர் இன்னும் பலமாகத் தட்டினார்.