பேன் பார்த்த கை

என் தங்கை எழுதிய நாவலை எனக்கு முன்னால் எங்கள் சலவைக்கடைக் கல்லாக்காரி படித்து முடித்துவிட்டாள். நான் இஸ்திரி மேசையில் யாரோ ஒருவருடைய கல்யாணச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் கல்லாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மடித்து வைத்த துணியில் துடைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"பாவம்டி உன் தங்கச்சி. பெத்தவ திரும்பிக்கூடப் பாக்கல. ஆனா அந்த ஒரு மத்தியானம் இருக்கு பாரு, அந்தம்மா முழங்காலுக்கு நடுவுல உக்கார வச்சுப் பேன் பாக்குறாங்களே, அங்கதான் என்னால தாங்க முடியல. என்ன இருந்தாலும் தாய் தாய்தான்."

என் கை நின்றுவிட்டது. காலர் மஞ்சளடித்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன்.

சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தை வாங்கி அந்த இடத்தைப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சன்னலோரம் விரித்த பழைய செய்தித்தாள், பல்லில் கவ்விய ரப்பர் பேண்ட், ஆடினால் விழும் குட்டு. எங்கள் அம்மா வேலைவிட்டு வந்ததும் தன் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். எங்கள் தலையில் பேன் இருக்கிறதா, முதலில் தலை இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்தக் குட்டு என்னுடையது. அந்த முழங்காலும் என்னுடையதுதான். அப்போது எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. நாவலில் அந்தப் பிள்ளைக்கு அக்காவே கிடையாது.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டாள் தங்கை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான். அதுவும் செத்துப்போன அம்மாமேல். இருந்தவரைக்கும் ஒரு துரும்பைக்கூட எங்களுக்காக நகர்த்தாதவள், போன பிறகு ஊரையே அழவைக்கிறாள். நான் இங்கே நீராவியில் வெந்துகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். யாரோ ஒரு வாசகிக்குப் போனில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடிக்கும்வரை நின்றேன். உட்காரவில்லை.

"அந்த மத்தியானம் இருந்தது அம்மா இல்ல" என்றேன்.

எந்த மத்தியானம் என்று அவள் கேட்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா அப்படி எழுதின?"

"முதல்ல உன்னைத்தான் எழுதினேன். முடிச்சுப் படிச்சுப் பாத்தா, புத்தகம் முழுக்க அம்மா ஒரு தடவைகூட என்னைத் தொடல. அதை அப்படியே விட மனசு வரல. நிஜத்துலதான் கிடைக்கல, அதுலயாவது கிடைக்கட்டுமேன்னு..."

"அதுக்கு என் கைதான் கிடைச்சுதா?"

"வேற கை எனக்குத் தெரியாதேக்கா."

இதைக் கேட்டதும் என் கோபம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, இடம் மாறியது. அதுவரை அம்மாமேல் இருந்த எரிச்சல் இவள்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாவுக்குத் தூக்கிக் கொடுக்க இவளிடம் ஒரு மத்தியானமாவது இருந்தது. நான் நாவல் எழுதினால் எதை எடுத்துக் கொடுப்பேன்?

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பக்கம் எழுதியவளுக்கு அப்போதுதான் அது தோன்றியிருக்க வேண்டும்.

"ஒரே தலகாணிலதானே படுத்தோம். எனக்கு இருந்துச்சுன்னா உனக்கும் பேன் இருந்திருக்குமே. அக்கா, உனக்கு யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. கத்தரிக்கோலை எடுத்து நானே ஒட்ட வெட்டிக்கிட்டேன். பள்ளிக்கூடமே சிரிச்சுது" என்றேன். "நீயும்தான் சிரிச்ச."