மினுங்கக் கூடாத தகடு

கட்டைவிரல் ரேகை ஒன்றைத் துடைக்கப் போய், தன் இரண்டு வருட உழைப்பின் நடுமண்டையில் அவனே வழுக்கை விழவைத்தான்.

விமானத்தின் மூக்கில், விமானி உட்காரும் அறையின் கண்ணாடிக்கு முன்னால் அடிக்கிற சாம்பல் பெயின்ட் அது. வெயில் பட்டுத் தெறித்தால் அவர் கண் கூசிவிடும். அதனால் பளபளப்பைத் தின்றுவிடும் பொடி ஒன்றைக் கலந்திருந்தான். வெயில், உப்புத்தண்ணீர், விமான எரிபொருள் என்று எல்லாச் சோதனையிலும் பெயின்ட் தேறியது. மதியம் விமானக் கம்பெனிக்காரர்கள் வந்து மினுமினுப்பின் அளவைப் பார்த்துத் தலையாட்டினால் போதும்.

அவர்களுக்குக் காட்ட அந்தப் பெயின்ட்டை அடித்து வைத்திருந்த மாதிரித் தகட்டில்தான் யாரோ விரல் வைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவனேதான். ஆய்வுக்கூடத்தில் தகடுகளைக் கையுறை போட்டு, ஓரத்தைப் பிடித்து, பச்சைக் குழந்தையைப்போல் தூக்குவதுதான் வழக்கம். அவனோ சட்டை நுனியால் அழுந்தத் தேய்த்தான். ரேகை போயிற்று. அந்த இடம் எண்ணெய் தடவியதுபோல மின்னியது.

அளவு பார்க்கும் மேசையில் இருந்தது அவன் மனைவி. அவன் கலப்பான், அவள் அளப்பாள். கல்யாணமான நாளாய் அவளிடமிருந்து அவன் நேரான பதில் ஒன்றுகூட வாங்கியதில்லை. "இந்தச் சட்டை நல்லா இருக்கா?" என்றால் "போட்டாச்சுல்ல" என்பாள். "மீசை வெச்சுக்கட்டுமா?" என்றால் "மூஞ்சி உங்களுது."

"லேசாத் தேய்ச்சுட்டேன்" என்று தகட்டை நீட்டினான்.

"தெரியுது. பார்த்துத் தலை வாரிக்கலாம்போல இருக்கு."

"ஓரத்துல அளந்தா பாஸ் ஆயிடும்ல?"

"ஆகும்."

"அப்ப ஓரத்துலயே அளந்துடேன்."

"தகடு உங்களுது" என்று கருவியை அவன் பக்கம் தள்ளினாள்.

ஓரத்தில் வைத்தான்: மினுமினுப்பு மூன்று. நடுவில் வைத்தான்: பத்தொன்பது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் அடிப்பான். இன்று மறுபடி நடுவில் வைத்துப் பார்த்தான்: அதே பத்தொன்பது. விமானத்தைத் துடைக்கப் போகிறவர்கள் கையில் முரட்டுத் துணி இருக்கும். சட்டை நுனி இருக்காது. ஓரத்தில் அளந்து இன்று தப்பித்துவிடலாம். நாளைக்கு நடுவானில் கண் கூசப்போவது வேறொருவருக்கு.

"விளையாடாமச் சொல்லு. இந்தப் பெயின்ட் தாங்குமா?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"தாங்காது. துடைக்கத் துடைக்க அந்தப் பொடி நசுங்கி வழவழன்னு ஆயிடும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அவங்க வந்ததும் நடுவுலயே அளந்து காட்டுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."