அம்மாவுக்கு ஒரு விளம்பரம்

எரிச்சல்தான் வருகிறது. மியூனிக்கில் ஒரு விளம்பரக் கம்பனி, மனவியல் படித்தவன் என்று என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. வேண்டாம் என்கிறவனை வேண்டும் என்று கேட்கவைப்பதுதான் என் வேலை. டோர்ட்மூண்டில் இருக்கிற என் சொந்த அம்மாவிடம் அந்த வித்தை சதத்துக்கும் எடுபடவில்லை.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள்முதல் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது எல்லாம் அக்கா ஜசிந்தாதான். அவளுக்கு வேலையும் இருக்கிறது, மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொலைபேசியோடு சரியென்று இருந்த எனக்கு, அவளுடைய குரலைக் கேட்டாலே பயம். இவளும் விழுந்தால் யார் தூக்குவது? மருத்துவக் காப்புறுதிக்காரர்கள் வீட்டுக்கே தாதி அனுப்பத் தயார். அம்மாதான் மாட்டேன் என்றார்.

"வெள்ளைக்காரி வந்து என்ர உடம்பைக் கழுவுறதோ? சும்மா இரு, றெக்ஸ்."

சரி, தொழிலைக் காட்டுவோம் என்று இறங்கினேன். பொருளை விட்டுவிட்டு ஆளின் மனதைப் பிடி என்பது எங்கள் துறையின் பால பாடம். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் பன்றியிறைச்சி விற்க வேண்டியிருந்தது. டாக்டர்மாரைக் கொண்டு, காலையில் நிறையச் சாப்பிடுங்கள் என்று சொல்லவைத்தார்கள். சனம் தானாகவே பன்றியிறைச்சி வாங்கக் கடைக்குப் போனது. நானும் அம்மாவின் டாக்டரைக் கொண்டு சொல்லவைத்தேன்.

"அந்தாள் பாவம், எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறார்," என்றார் அம்மா.

தேவாலயத்தில் பூசைக்கு வருகிற எல்லோரும் மதிக்கிற சூசைதாசன் அண்ணை வீட்டிலும் தாதி வருகிறாள் என்றேன்.

"அவையின்ர பிள்ளையள் பாக்கிறேல்லைப் போல."

கடைசியில் பெயரை மாற்றினேன். பெயரை மாற்றினால் பொருளே மாறும் என்பது இன்னொரு பாடம். "தாதி இல்லை அம்மா. ஹைக்கே எண்டு அக்காவின்ர சிநேகிதி. சும்மா உங்களைப் பாக்க வாறா," என்றேன். அம்மா உடனே சம்மதித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முதல் நாளை நேரில் பார்க்க வேண்டும் என்று ரயிலேறினேன்.

போய்ப் பார்த்தால் வீடு கல்யாண வீடாகக் கிடந்தது. வீட்டுக்கு வருகிற ஆளை வெறும் வாயோடு அனுப்புகிற குடும்பமா எங்களுடையது? அம்மா விடியவே அக்காவை வரவழைத்து, நிலம் துடைப்பித்து, றோல்சும் பற்றீசும் என்று பலகாரம் பொரிப்பித்திருந்தார். ஹைக்கே உள்ளே வந்ததும் உபசரிக்க அம்மா தானே எழும்பப் போய்த் தள்ளாடினார். நான் பாய்ந்து பிடித்தேன். பாவம் ஹைக்கே, அவளுக்குக் கொடுத்த நேரம் முழுவதும் சாப்பிடுவதிலேயே போனது. குளிப்பு நடக்கவில்லை. விருந்தாளியைக் கொண்டு யாராவது குளிக்க வார்ப்பிப்பார்களா?

அவள் போனதும் அக்கா எண்ணெய்ச் சட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எறிந்தாள்.

"உன்ர படிப்பும் நீயும்," என்றாள் என்னிடம். பிறகு அம்மாவின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "அம்மா, அவ என்ர சிநேகிதி இல்லை. தாதி. எனக்கு இனி ஏலாது. உங்களைத் தூக்கித் தூக்கி நாரி, முதுகெல்லாம் முறிஞ்சு போச்சு. வேலைக்குப் போற வழியில பஸ்ஸுக்குள்ள இருந்து அழுறன்."

அம்மா எட்டி அவளுடைய கையைப் பிடித்தார்.

"இதை ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை? அவ வரட்டும். கழுவட்டும்."

அவ்வளவுதான். என் டாக்டரும் வேண்டாம், சூசைதாசன் அண்ணையும் வேண்டாம். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

அம்மா என் பக்கம் திரும்பினார். "அவ கிழமைக்கு மூண்டு நாள்தானே வருவா. இடைக்கிடை நீயும் வந்து நிப்பியோ தம்பி?"

பதில்கள் வாய்க்குள் வந்து வரிசைகட்டின. எல்லாம் நான் சம்பளத்துக்கு எழுதுகிற வகை. கை தானாக எழும்பி, திரும்பிப் போகிற ரயிலுக்கு நேரம் பார்த்தது.

"தெரியும்," என்றார் அம்மா. "தாதி வந்தா நீ வரவே மாட்டாய் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் வேண்டாமெண்டு நிண்டனான்."