நடுங்கிய கண்ணாடிகள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் பெண்ணுக்குப் படபடப்பு வரும்போதெல்லாம் அவள் இருக்கும் தெருவின் கண்ணாடி முழுவதும் நடுங்கியது. ஜன்னலோ டம்ளரோ நின்றிருந்த பேருந்தின் முகப்போ, எதுவும் தப்பியதில்லை, எதுவும் உடைந்ததுமில்லை. லாரி போகிறது என்று தெருக்காரர்கள் இருந்துவிட்டார்கள். மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "இதயத்துல ஒரு கோளாறும் இல்லம்மா, பயம்தான் இப்படி ஓட வைக்குது" என்றார். விஷயம் தெரிந்தவள் பக்கத்து இருக்கைக்காரி ஒருத்திதான். மேசைக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச மெதுவா விடு, நான் இருக்கேன்ல" என்பாள். நெஞ்சும் அடங்கும், கண்ணாடிகளும் அடங்கும். வருடங்கள் இப்படியே போயின. இருவருக்கும் கல்யாணமானது, ஒருத்தியின் பிள்ளைக்கு மற்றவள் பெரியம்மா ஆனாள்.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்து இருக்கைக்காரி ஏணியை நகர்த்தும்போது கடையின் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிட்டாள். முதலாளி வந்து கேட்டதும் தோழியைக் காட்டி, "இவளுக்குப் படபடப்பு வந்தா இப்படித்தான் சார், எல்லாம் ஆடும்" என்றாள். இல்லையென்று சொல்ல இவள் வாயைத் திறப்பதற்குள் இதயம் ஓடத் தொடங்கியது. அலமாரியிலிருந்த அத்தனை மூக்குக் கண்ணாடிகளும் கடகடவென்று ஆடின. அதற்கு மேல் யாரும் சாட்சி கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் இவள் கை பக்கவாட்டில் நீண்டது. மற்றவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றே வேலை போயிற்று.

வீட்டில் நெஞ்சை அடக்கப் பார்க்கப் பார்க்க அது இன்னும் வேகமாக ஓடியது. ஒரு மத்தியானம் அலுத்துப்போய், சமையலறைத் தரையில் உட்கார்ந்து, "ஓடணும்னா ஓடு" என்று விட்டுவிட்டாள். அது ஓடிக் களைத்து, தானாகவே நடைக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் அதைத் துரத்தவில்லை. மூச்சை நீளமாக விட்டபடி காத்திருந்தாள்.

பிறகு பழைய தோழி வாசலில் வந்து நின்றாள். "எனக்கும் அன்னைக்கு வேற வழி தெரியலடி."

"என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தானே எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்ட?"

ஜன்னல்கள் அதிர்ந்தன. வந்தவள் கை நீட்டினாள். இவள் அதைப் பார்த்தபடி மூச்சை விட்டாள், விட்டுக்கொண்டேயிருந்தாள். எல்லாம் அடங்கிய பிறகு கதவைச் சாத்தினாள். மன்னிக்கவில்லை, கடைசிவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வேலை வேறு தெருவில், ஒரு மருந்துக்கடையில். முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கடைக்கார அம்மா கொஞ்சம் யோசித்து, "சரி, சிரப்பெல்லாம் கீழ்த்தட்டுக்கு மாத்திடலாம்" என்றார். இப்போதெல்லாம் அங்கே பாட்டில்கள் சிணுங்கினால், மருந்து வாங்க வந்தவர்கள் கைக்கெட்டியதைப் பிடித்துக்கொண்டு, இருமலுக்கு எது நல்லதென்று விட்ட இடத்திலிருந்து கேட்கிறார்கள்.