பெனிஷாவின் சனிக்கிழமைகள்

சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி வைக்காத பெண் பெனிஷா. அவளைக் கல்லூரியில் ஊர் வேலைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அம்மா செலினுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்தவர் படும் பாட்டைப் புத்தகத்தில் படித்தால் போதாது என்று பேராசிரியை சொல்லிவிட்டாராம். படுக்கையில் கிடப்பவர்கள் இருக்கிற வீடாகப் பார்த்து ஆளுக்கொன்று ஒதுக்கியிருந்தார். சனிக்கிழமைதோறும் போய், அங்கே என்ன வேலையோ அதைச் செய்ய வேண்டும். பெனிஷாவுக்கு வாய்த்தவள் சின்னமனூர் ஜக்கம்மா. ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் மலையில் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனவள். வயது செலினின் வயதுதான்.

ரெண்டு வாரத்தில் மகள் ஓடி வந்துவிடுவாள் என்று செலின் நினைத்தாள். ஓடி வரவில்லை. வீட்டுப் பேச்செல்லாம் ஜக்கம்மாவானது. ஜக்கம்மாக்காவுக்குப் புளிப்பு ஆகாதாம். ஜக்கம்மாக்கா சொல்லும் கதைக்கு வயிறு வலிக்கச் சிரிக்கலாமாம். இராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் நாளெல்லாம் குலை வெட்டிவிட்டு வரும் செலின், சாப்பிட்டாயா என்ற ஒரு வார்த்தைக்குக் காத்திருந்து பார்த்தாள். மகள் அதைப் போனில் ஜக்கம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பீரோவிலிருந்த பழைய நூல் சேலையைக் காணவில்லை. கிழித்து ஜக்கம்மாவுக்கு விரிப்பாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன் என்று பெனிஷா சாதாரணமாகச் சொன்னாள். அவள் ஞானஸ்நானத்துக்குச் செலின் கட்டியிருந்த சேலை அது. அடுத்த சனிக்கிழமை செலின் தோட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு, மகள் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

வாசலில் நின்றே பார்த்துவிட்டாள். ஜக்கம்மாவின் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள் மகள். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு எத்தனை காலமாயிற்று. செலினுக்கு நெஞ்சு காந்தியது.

அம்மாவைக் கண்டு பெனிஷா முழித்தாள். பிறகு, காப்பி போடப் பால் வாங்கி வருகிறேன் என்று கடைக்கு ஓடினாள். சண்டைக்கு வந்த செலினுக்கு, கட்டிலில் கிடப்பவளிடம் எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. ஜக்கம்மாதான் ஆரம்பித்தாள்.

"உங்களப் பாக்கணும்னு இருந்தேங்க்கா. பாத்தா வயித்தெரிச்சலாத்தேன் இருக்கு."

செலின் திடுக்கிட்டாள்.

"எம் மக திருப்பூர்ல இருக்கா. போன் போட்டாலும் எடுக்க மாட்டா. இந்தப் புள்ள எம்புட்டுச் செஞ்சாலும், பொழுது சாய உங்க வீட்டுக்குத்தான போகுது."

செலினுக்கு உள்ளே குளிர்ந்தது. ஜெயித்துவிட்டதுபோல இருந்தது. உடனே அந்தச் சந்தோஷத்தை நினைத்துக் கூசிப்போனாள். சேலைப் பேச்சு வாயில் வரவில்லை. ஜக்கம்மா முகத்தைச் சுளிப்பதைக் கண்டு, புரட்டிவிடவா என்று கேட்டாள். தோளுக்கடியில் கை கொடுத்துத் திருப்பியபோதுதான் முதுகுப் புண்ணைப் பார்த்தாள். சுற்றிலும் துடைத்துச் சுத்தமாக மருந்து போட்டிருந்தது. அது தன் மகள் கை வேலை என்பதை நம்பச் செலினுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பெனிஷா பாலோடு வந்தபோது இருவரும் பெண்பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். காப்பி குடித்த பிறகும் பேச்சு ஓயவில்லை. பெனிஷா பாத்திரத்தைக் கழுவிவிட்டு மூலையில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில், அடுத்த வாரமும் வருகிறேன் என்றாள் செலின்.

"வேணாம்மா" என்றாள் மகள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நீ வந்தா அவுக எங்கிட்டப் பேசவே மாட்டேங்கிறாக."

செலின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சனிக்கிழமை மகளுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீட்டுக்குப் போகாமல் நேரே சின்னமனூர் பஸ்ஸில் ஏறினாள்.